இல்லத்துக் கருவிகள்: வாய் திறவாத திரை



சென்ற இதழில் மழைக்காலத்தில் மின்கருவிகளைப் பூசணத்தினின்றும் காப்பது பற்றி எழுதியிருந்தேன். இத்திங்கள் வேறொரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். இது நான் செய்த பிழையிலிருந்து பிறந்த செய்தி. பிறர்க்கு ஆலோசனை கூறும் பகுதியை எழுதுகிறவன் தன் பிழையை மறைத்தல் முறையன்று; ஆதலின் முதலில் அதனைச் சொல்லிவிடுகிறேன்.

டெலானிபூரில் எங்கள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆச்சி இருக்கிறார். தென்காசிப் பக்கத்திலிருந்து மணமாகி இத்தீவுக்கு வந்தவர். வயது எழுபத்தெட்டு. ஊரில் அவருக்கு எஞ்சியிருக்கும் உடன்பிறப்பு ஓர் அண்ணாச்சி மட்டுமே. அவர் சென்ற ஆண்டின் இறுதியில் நோயுற்றுப் படுத்துவிட்டார். ஆச்சிக்கோ கப்பலேறவும் வலுவில்லை. விமானப் படியேறவும் துணிவில்லை. கைப்பேசியின் சிறு திரையில் அண்ணாச்சியின் முகம் தெரிகிறதென்றால் அது நிழலாகத்தான் தெரிகிறது என்றார். எனவே அவருடைய மகன், பேரப்பிள்ளை படிப்பதற்காக வாங்கி வைத்திருந்த கணினிக்கு இருபத்துநான்கு அங்குலத்தில் புதிய மானிட்டர் ஒன்றைச் சென்னையிலிருந்து கப்பல் சரக்கில் வரவழைத்தார். ஒலிபெருக்கி உள்ளேயே அமைந்தது எனப் பெட்டியின் மீது அச்சிட்டிருந்தது. தனியாக ஸ்பீக்கர் வாங்கும் செலவு மிச்சம் என்று அனைவரும் மகிழ்ந்தனர்.

படம் பளிச்சென்று வந்தது. அண்ணாச்சியின் நெற்றித் திருநீறுகூடத் தெரிந்தது. ஆனால் ஒலி மட்டும் வரவில்லை. அவர் உதடு அசைகிறது, சொல் கேட்கவில்லை. வேறு வழியின்றி ஊரிலிருந்த இன்னொரு கைப்பேசிக்குத் தனியே அழைப்பு விடுத்து, அதனை ஆச்சியின் காதில் வைத்தனர். கண் திரையைப் பார்க்க, காது கைப்பேசியைக் கேட்க, உதட்டசைவு முன்னும் பேச்சு பின்னுமாக வந்தன.

“ஐயா, முகம் ஓரிடத்தில் இருக்கிறது, குரல் ஓரிடத்தில் இருக்கிறது. தோற்பாவைக் கூத்துப் பார்ப்பதுபோல் இருக்கிறது. இவர் எங்கள் அண்ணாச்சிதானா என்றே ஐயமாய் இருக்கிறது” என்றார் ஆச்சி.

ஞாயிறன்று என்னை அழைத்தார்கள். நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். மூன்று வகையாகச் சோதித்தேன். பின்னர் மிகுந்த உறுதியுடன், “உள்ளேயிருக்கும் ஸ்பீக்கர் பழுது. திருப்பி அனுப்பிவிடுங்கள்” என்று தீர்ப்பளித்துவிட்டு வந்துவிட்டேன். அவர்களும் என் சொல்லை நம்பி மானிட்டரை மீண்டும் அட்டைப்பெட்டியில் கட்டி, அடுத்த கப்பலுக்கு ஆயத்தமாக வைத்தார்கள். கப்பல் சென்னை சேர மூன்று நாள் ஆகும். கடையார் பார்த்து, மாற்றித் தந்து, அது மீண்டும் வந்து சேர ஒரு திங்களுக்கும் மேலாகும். எண்பத்துமூன்று வயதில் படுத்திருக்கும் ஒருவரிடம் ஒரு திங்கள் என்பது சிறு தவணையன்று. இதனை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

நான் ரயில் ஓடாத தீவில் ரயில்வே எழுத்தனாக இருப்பவன். மெயின்லாண்டில் ஓடும் வண்டிகளுக்கு இங்கிருந்தே இருக்கை பதிவு செய்து தருவது என் அலுவல். செவ்வாயன்று ஒருவர் என் சாளரத்திற்கு வந்து வருந்தினார். கப்பலில் இடம் கிடைத்த நாளை ஒட்டிச் சென்னையிலிருந்து ரயிலில் இடமில்லை. ரயிலில் இடமுள்ள நாளுக்குப் பார்த்தால் கப்பல் இல்லை. இரண்டிலும் இடமுள்ள வாரத்தில் அலுவலகத்தில் விடுப்பு இல்லை. “ஒவ்வொன்றும் தனித்தனியே கிடைக்கிறது, சேர்ந்து கிடைக்கவில்லையே” என்றார். அவருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தபோதே என் மனத்தில் ஆச்சி வீட்டு மானிட்டர் வந்து நின்றது. நான் ஞாயிறன்று செய்ததும் அதுதான். மூன்று கதவுகளையும் நான் திறந்து பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் ஒன்றைத் திறந்து, பயனில்லை என்று கண்டு, அதனை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தேன். மூன்றும் ஒரே வேளையில் திறந்திருந்த கணம் ஒன்றுகூட இல்லை.

அக்கதவுகள் எவை என்பதை இனி முறையாகக் காண்போம்.

முதலாவது, கேபிள். கணினியிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டு செல்லும் கேபிள்கள் எல்லாம் ஒலியையும் கொண்டு செல்லும் எனப் பலர் கருதுகின்றனர். அது தவறு. பெரும்பாலும் நீலநிறத் தலையும், மூன்று வரிசையில் பதினைந்து ஊசிகளும், இருபுறமும் திருகாணியும் உடைய பழைய கேபிளுக்கு வி.ஜி.ஏ. என்று பெயர். அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் 1987இல் கொண்டுவந்த முறை அது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வண்ணங்களுக்கும், படம் ஆடாமல் நிற்பதற்கான நேர அடையாளங்களுக்கும் அதில் கம்பிகள் உண்டு. ஒலிக்கென்று ஒரு கம்பியும் இல்லை. அதன் வழியே ஒலி வரவேண்டும் என்று காத்திருப்பது, பாதை போடாத ஊரில் வண்டிக்குக் காத்திருப்பதற்கு ஒப்பாகும். 1999இல் வந்த டி.வி.ஐ. என்னும் வெண்ணிறத் தலைக் கேபிளும் பொதுவாகப் படத்துக்கு மட்டுமே உரியது.

2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, சோனி, தோஷிபா, பிலிப்ஸ் முதலிய ஏழு நிறுவனங்கள் கூடி வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. முறையில்தான் ஒரே கேபிளில் படமும் ஒலியும் சேர்ந்து வரும் வழக்கம் வீடுகளுக்குள் பரவியது. அதில் ஊசிகள் பத்தொன்பது. அவற்றுள்ளும் ஒலிக்கென்று தனிக் கம்பி இல்லை என்பது வியப்புக்குரியது. பின் ஒலி எவ்வாறு வருகிறது? திரையில் படம் வரிவரியாக வரையப்படுகிறது. ஒரு வரி முடிந்து மறுவரி தொடங்குமுன் ஒரு சிறு இடைவெளி உண்டு. ஒரு படம் முடிந்து மறுபடம் தொடங்குமுன் சற்றே பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளிகளில், படத்துக்குரிய அதே கம்பிகளின் வழியே, ஒலியைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். பயணிகள் வண்டியிலேயே தபால் பெட்டியையும் கோத்து அனுப்புவது போன்றது இவ்வேற்பாடு. 2006இல் வந்த டிஸ்பிளேபோர்ட் கேபிளும் ஒலியைச் சுமக்க வல்லது. புதிய மடிக்கணினிகளில் உள்ள சி வடிவ யு.எஸ்.பி. துளையும், அது திரைக்குப் படம் அனுப்ப வல்லதாயின், ஒலியையும் உடன் அனுப்பும்.

ஆகவே, கணினியிலும் மானிட்டரிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பின், பழைய நீலக் கேபிளை எடுத்துவிட்டு அதனைப் பூட்டுக. கணினியில் வி.ஜி.ஏ. மட்டுமே உண்டு என்றால் மனம் தளர வேண்டுவதில்லை. இருமுனையிலும் ஹெட்போன் பின் போன்ற முனையுடைய ஒலிக்கேபிள் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. அதன் ஒரு முனையைக் கணினியின் பின்புறமுள்ள பச்சை நிறத் துளையிலும், மறுமுனையை மானிட்டரில் ‘ஆடியோ இன்’ என்று குறித்த துளையிலும் செருகினால் ஒலி வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மானிட்டர்கள் சிலவற்றில் ஒலி உள்ளே நுழையும் துளை இராது. ஒலி வெளியேறும் ஹெட்போன் துளை மட்டுமே இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வெளிவாயிலில் செருகிவிட்டு உள்ளே ஒலி போகவில்லை என்று வருந்துவோர் பலர். துளையின் அருகே ஹெட்போன் படம் பொறித்திருந்தால் அது வெளிவாயில் என்று அறிக. ஹெட்போன் துளை இருப்பதனாலேயே உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது என்று கொள்வதும் பிழை. மானிட்டரோடு வந்த சிறு புத்தகத்தில் ‘ஸ்பீக்கர், 2 வாட், இரண்டு’ என்பது போன்ற வரி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுதல் நன்று. இல்லாத ஒன்றைப் பழுதென்று சொல்லலாகாது அன்றோ?

இரண்டாவது, கணினி ஒலியை எவ்வாயிலுக்கு அனுப்புகிறது என்பது. ஒரு கணினிக்கு ஒலி வெளிவரும் வாயில்கள் பல. பின்புறப் பச்சைத் துளை ஒன்று, முன்புற ஹெட்போன் துளை ஒன்று, எச்.டி.எம்.ஐ. வழியே மானிட்டர் ஒன்று. ஒரு வேளையில் பெரும்பாலும் ஒரு வாயிலுக்கே அது ஒலியை அனுப்பும். எவரும் செவிமடுக்காத பச்சைத் துளைக்கு அது ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தால், கணினியின் கணக்கில் எல்லாம் செவ்வனே நடக்கிறது. நம் காதுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

விண்டோஸ் கணினியாயின், திரையின் வலப்புறக் கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்துக. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கோடு தோன்றும். விண்டோஸ் பத்தில் அக்கோட்டுக்கு மேலேயும், விண்டோஸ் பதினொன்றில் அக்கோட்டின் வலப்பக்கத்திலும் ஒரு சிறு குறி உண்டு. அதனை அழுத்தினால் வாயில்களின் பட்டியல் விரியும். அதில் உங்கள் மானிட்டரின் பெயரோ மாதிரி எண்ணோ இருக்கும். அதனைத் தெரிந்தெடுத்தால் போதும். ஆப்பிள் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ் என்பதில் சவுண்டு, அதனுள் அவுட்புட் என்று சென்றால் இதே பட்டியல் கிடைக்கும். ஆப்பிள் கணினியில் இவ்வாறு தெரிந்தபின் விசைப்பலகையில் உள்ள ஒலிப்பொத்தான்கள் வேலை செய்யாமற்போவதுண்டு. அது பழுதன்று, ஒலியளவை மானிட்டரிலேயே கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

பட்டியலில் மானிட்டரின் பெயரே இல்லையெனின் மூன்று காரணங்களுள் ஒன்றாக இருக்கும். மானிட்டர் அணைந்திருக்கலாம், அல்லது கேபிள் ஒலி சுமக்காத வகையாக இருக்கலாம். இது முதற் காரணம். அவ்வாயில் முன்னரே யாராலோ முடக்கி வைக்கப்பட்டிருக்கலாம். சவுண்டு செட்டிங்ஸ் பகுதிக்குள் சென்று அதனை மீண்டும் இயங்கச் செய்யலாம். திரைப்படக் காட்சியை நடத்தும் கிராபிக்ஸ் பகுதிக்குரிய டிரைவர் என்னும் மென்பொருள் கணினியில் ஏற்றப்படாமல் இருக்கலாம், இது மூன்றாவது. எச்.டி.எம்.ஐ. வழிச் செல்லும் ஒலியைக் கவனிப்பது பெரும்பாலும் அந்தக் கிராபிக்ஸ் பகுதியேயாகும். ஆதலின் ஒலிக்குரிய டிரைவரை மட்டும் புதுப்பித்துவிட்டுச் சோர்ந்து போவதில் பயனில்லை.

மூன்றாவது, மானிட்டரின் சொந்த ஒலியளவு. தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்றே மானிட்டருக்கும் தனியே ஒலியளவு உண்டு. கீழ்விளிம்பிலோ பின்புறத்திலோ உள்ள பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பட்டியல் எழும். அதில் ஒலி அல்லது ஆடியோ என்னும் பிரிவில் அளவு சுழியத்தில் நிற்கிறதா, மியூட் என்பது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சில மானிட்டர்களில் ‘ஆடியோ சோர்ஸ்’ என்று ஒன்று உண்டு, ஒலியை எச்.டி.எம்.ஐ. வழியே ஏற்பதா, தனிக் கேபிள் வழியே ஏற்பதா என்று அது கேட்கிறது. நாம் பூட்டிய கேபிளுக்கு ஏற்ப அதனை வைத்தல் வேண்டும். மானிட்டரின் ஹெட்போன் துளையில் எதையேனும் செருகி வைத்திருந்தால் உள்ளிருக்கும் ஸ்பீக்கர் வாய் மூடிக்கொள்ளும் என்பதையும் நினைவிற் கொள்க.

நான்காவதாக ஒரு சிறு கதவும் உண்டு. முகம் பார்த்துப் பேசும் செயலிகள் பலவற்றில் எந்த ஸ்பீக்கர் என்று தனியே தெரிந்தெடுக்கும் இடம் இருக்கிறது. பாட்டு ஒலிக்கிறது, பேச்சு மட்டும் ஒலிக்கவில்லை என்றால் அங்கே பார்க்க வேண்டும். மாற்றியபின் அச்செயலியை ஒருமுறை மூடித் திறத்தல் நலம்.

இனி என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைப் பாருங்கள். பழைய நீலக் கேபிள் பூட்டியிருந்தபோதே மானிட்டரின் ஒலியளவைச் சுழியத்திலிருந்து எண்பதுக்கு உயர்த்தினேன், ஒலி வரவில்லை. இருந்தபடியே வைத்துவிடுவோம் என்று மறுபடியும் சுழியத்துக்கே இறக்கினேன். பின்பு என் வீட்டு எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கொண்டுவந்து பூட்டினேன். கணினி பச்சைத் துளைக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது, மானிட்டரின் ஒலியளவோ சுழியம், எவ்வாறு வரும்? கேபிளைக் கழற்றிவிட்டேன். அதன்பின் வாயிற் பட்டியலைத் திறந்தேன். கேபிள் இல்லாமையால் மானிட்டரின் பெயர் அதில் இல்லை. இம்மூன்று சோதனைகளையும் கொண்டு ஒரு நல்ல கருவியைப் பழுதென்று சொன்னேன்.

செவ்வாய் மாலை அலுவல் முடிந்ததும் நேரே ஆச்சி வீட்டுக்குச் சென்றேன். “என் பேச்சை நம்பிக் கட்டிவிட்டீர்கள்; பிழை என்னுடையது. அவிழ்த்துப் பார்க்க ஒரு வாய்ப்புத் தாருங்கள்” என்றேன். அவர் மகன் மறுப்புச் சொல்லவில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பூட்டி அப்படியே விட்டேன். பட்டியலில் மானிட்டரின் பெயரைத் தெரிந்து அப்படியே விட்டேன். ஒலியளவை எண்பதுக்கு உயர்த்தியதுமே கணினியின் வரவேற்பு மணி கணீரென்று ஒலித்தது. பத்து நிமிடங்கூட ஆகவில்லை.

அன்றிரவே ஊருக்கு அழைத்தார்கள். அண்ணாச்சியின் முகம் தெரிந்தது. அவர் இருமினார்; அந்த இருமல் திரையிலிருந்தே வந்தது. பிறகு அவர் கேட்ட முதற் சொல், “சாப்பிட்டாயா தாயி?” என்பது. ஆச்சி மறுமொழி சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இது அண்ணாச்சிதான்” என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருவரும் பேசினார்கள். நாங்கள் வெளித்திண்ணையில் வந்து அமர்ந்துகொண்டோம்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்குக் குரல் என்பது சிறு பொருளன்று. நம் முன்னோர் கப்பல் தபாலில் வரும் கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்டு ஊரார் குரலைத் தம் நெஞ்சில் கற்பனை செய்துகொண்டார்கள். 1963இல் போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைந்தது. அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிற்று. நம் காலத்திலேயே, செயற்கைக்கோள் இணைப்பொன்றையே நம்பியிருந்த ஆண்டுகளில், முகம் பார்த்துப் பேசுதல் என்பது அரைகுறையாகவே இருந்தது. சென்னையிலிருந்து இத்தீவுகளுக்கு வங்கக் கடலின் அடியில் கேபிள் இடும் பணிக்கு 2018 டிசம்பர் 30ஆம் நாள் அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் அது தொடங்கி வைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சுவராஜ் தீவு, ரங்கத், லாங் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களையும் அது இணைக்கிறது. அத்தனை பெரிய கடலைத் தாண்டி வந்த குரல், நம் வீட்டு மேசையில் ஒரு முழ நீளக் கேபிளிடம் வந்து நின்றுவிடலாமா?

இறுதியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். மேலே கூறிய கதவுகளையெல்லாம் ஒருங்கே திறந்தும் ஒலி வரவில்லையாயின், மானிட்டரின் ஹெட்போன் துளையில் ஹெட்போனைச் செருகிக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒலி கேட்டு, உள் ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை என்றால் அப்போது ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம். டிஷ் பெட்டியையோ வேறொரு மடிக்கணினியையோ எச்.டி.எம்.ஐ. வழியே மானிட்டரில் பூட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அதில் ஒலி வருமாயின் மானிட்டர் நலமாகவே இருக்கிறது. குறை கணினியின் பக்கம். நம் தீவுகளின் உப்புக் காற்றில் கேபிள் முனைகள் விரைவில் களிம்பேறுகின்றன. கருவிகளை அணைத்துவிட்டு, முனையைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் பூட்டுவதாலேயே தீரும் குறைகள் உண்டு.

உள் ஸ்பீக்கரிடம் மிகுதியாக எதிர்பார்க்கவும் கூடாது. அதன் வலு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாட் வரையே. கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தியிருப்பார்கள். மானிட்டரைச் சுவருக்குச் சற்று அருகில் வைத்தால் ஒலி சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். செவிப்புலன் குன்றிய முதியோர் உள்ள வீடுகளில், பின்னர் வசதிப்படும்போது சிறு ஸ்பீக்கர் இரண்டு வாங்கி மானிட்டரின் ஹெட்போன் துளையில் இணைத்துக்கொள்ளலாம்.

எதைச் சோதித்தாலும், திறந்த கதவை மூடாமல் அடுத்ததைத் திறவுங்கள். செய்ததை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். யாரேனும் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு உறுதியாகத் தீர்ப்புச் சொன்னால், அவர் இப்பகுதியை எழுதுகிறவராகவே இருப்பினும், ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

ஆச்சி நாள்தோறும் மாலை ஏழு மணிக்குத் திரையின் முன் அமர்கிறார். எங்கள் வீட்டு முற்றம்வரை அண்ணாச்சியின் குரல் கேட்கிறது. ஒலியளவைச் சற்றுக் குறைக்கலாமே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த திங்கள், மின்சாரம் போய் வரும்போது கருவிகளுக்கு நேரும் கேடு பற்றிக் காண்போம். வணக்கம்.